ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று

ஒன்றில் தொடங்கும், இரண்டுக்கு ஏறும், உடனே ஒன்றுக்கு இறங்கிவிடும். அடுத்த முறை மூன்றுவரை ஏறி இறங்கும். அப்புறம் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழுக்கு மேல் போகாது. இப்படி எண்களை ஏணியாக்கிக் கடவுளைப் பாடும் செய்யுள் வகைக்குத் திருவெழுகூற்றிருக்கை என்று பெயர். கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தேர் போல எழும்பும். அதனால் ரத பந்தம் என்றும் சொல்வார்கள். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழியில் இருக்கும் இறைவன்மேல் ஒன்று பாடினார். அடுத்த நூற்றாண்டில் திருமங்கையாழ்வார் குடந்தை என்கிற கும்பகோணத்துப் பெருமாளுக்கு ஒன்று. 15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் சுவாமிமலை முருகனுக்கு ஒன்று.

மூன்று ஊரும் காவிரிப் படுகையில்தான். பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். தை மாதம், வெயில் ஏறாத நாட்கள். நானும் சித்தப்பாவும் கிளம்பினோம். ஆனால் சிதம்பரத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக இருந்தார். "ஒண்ணு எங்கே இருக்குன்னு பார்க்காம எண்ண ஆரம்பிச்சா எப்படிப்பா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயம். ஆகாயத்தை எண்ணால் சொன்னால் ஒன்று. இந்தக் கணக்கைத் தில்லையில் இருந்தே மாணிக்கவாசகர் பாடிவைத்திருக்கிறார், போற்றித் திருவகவலில்:

பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி
நீரிடை நான்காய் நிகழ்ந்தாய் போற்றி
தீயிடை மூன்றாய்த் திகழ்ந்தாய் போற்றி
வளியிடை இரண்டாய் மகிழ்ந்தாய் போற்றி
வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி

மண்ணுக்கு ஓசை, தொடுஉணர்வு, உருவம், சுவை, மணம் என ஐந்து குணமும் உண்டு. தண்ணீரில் மணம் கழிந்துவிடும், நான்கு. நெருப்பைச் சுவைக்க முடியாது, மூன்று. காற்றைப் பார்க்க முடியாது, கேட்கலாம், உடம்பில் படும், இரண்டு. வெளிக்கு ஓசை மட்டும். உலகம் இறுகிக் கெட்டியாகும் இடத்தில் எண் கூடுகிறது, நுட்பமாகும் இடத்தில் எண் குறைகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சித்சபைக்கு எதிரே நின்றால் சிதம்பர ரகசியம் வேறு மாதிரி தெரிகிறது. தீட்சிதர் திரையை விலக்குகிறார். அங்கே தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன, பின்னால் உருவம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் நண்பனிடம், "ஒண்ணுமே இல்லடா" என்றான். பூஜ்யம் என்று நினைத்திருப்பான். மாணிக்கவாசகர் கணக்கில் அது பூஜ்யம் கிடையாது. ஓசை ஒன்று மிச்சம் இருக்கிற வெளி அது. அந்த ஓசைக்கான உடுக்கை பக்கத்திலேயே, கூத்தன் கையில் இருக்கிறது.

உடுக்கை வலது மேல்கை. எதிர்ப்பக்கம், இடது மேல்கையில் தீ. ஓசையில் படைப்பு, தீயில் ஒடுக்கம். ஒரு கால் ஊன்றியிருக்கிறது, மறு கால் தூக்கியிருக்கிறது. ஒரு காதில் ஆணின் குழை, மறு காதில் பெண்ணின் தோடு. எதிரெதிரான எல்லாம் ஒரே உடம்பில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றும் மற்றதைத் துரத்தவில்லை. போதாததற்கு, ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் ஆடுகிற நடராஜரையும் படுத்திருக்கிற கோவிந்தராஜரையும் ஒருசேரப் பார்க்கலாம். ஓயாத ஆட்டமும் அசையாத உறக்கமும் ஒரே கண்வீச்சில். சித்தப்பா அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்றார். பின்னால் வந்தவர்கள் தள்ளிய பிறகுதான் நகர்ந்தார்.

பொற்கூரையைப் பற்றிய கணக்குகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 21,600 ஓடுகள், ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு. 72,000 ஆணிகள், உடம்பின் நாடிகள். ஒன்பது கலசங்கள், ஐந்தெழுத்துக்கு ஐந்து படிகள். இந்தக் கோயில் உலகத்தின் காந்த மையம் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதே, அதை நான் சட்டை செய்வதில்லை. தில்லையின் பெருமைக்குக் காந்தம் எதற்கு? ஆனால் 21,600 எனக்குப் பிடித்த எண். நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் 24 மணி நேரத்துக்குச் சரியாக அதுதான் வருகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்துத்தான் ஒரு மூச்சு என்கிறோம். நேர் எதிரான இரண்டு அசைவுகளை ஒன்று என்று எண்ணப் பிறந்தது முதலே பழகியிருக்கிறோம்.

சிதம்பரத்திலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் சீர்காழி. கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியதும் வயல்கள் ஆரம்பித்துவிடும். கோயில் நடை சாத்துவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

இந்த ஊரில் தெய்வம் மூன்று தளங்களில். கீழே பிரம்மபுரீஸ்வரர் லிங்கமாக, நடுவில் மலைபோல் கட்டிய தளத்தில் தோணியப்பர் அம்மையோடு, அதற்கும் மேலே சட்டைநாதர். ஊழிக்கால வெள்ளம் உலகை மூழ்கடித்தபோது இந்தத் தலம் தோணியாக மிதந்தது என்பது தலபுராணம். சம்பந்தர் அந்தக் கதையையும் எண்ணுக்குள் கொண்டுவந்துவிடுகிறார்: "பாணி மூவுலகும் புதைய மேல் மிதந்த தோணிபுரத்து உறைந்தனை." மூன்று உலகும் மூழ்க, ஓர் ஊர் மிதக்கிறது. சீர்காழிக்கு 12 பெயர்கள். பன்னிரண்டையும் அந்த ஒரே பாட்டில் வரிசையாகக் கோத்திருக்கிறார். எண்ணும் இடறவில்லை, பெயரும் விடுபடவில்லை.

பிரம்ம தீர்த்தக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். மூன்று வயதில் சம்பந்தர் ஞானப்பால் உண்டதாகச் சொல்லும் குளம் இதுதான். வாயில் பால் வழிய நின்ற பிள்ளையைப் பார்த்து, யார் கொடுத்தது என்று அப்பா அதட்ட, பிள்ளை தோணியப்பர் பக்கம் கையைக் காட்டி, "தோடுடைய செவியன்" என்று தொடங்கியது. சிவனுக்கு அடையாளம் சொல்ல நெற்றிக்கண் இருக்கிறது, பாம்பு இருக்கிறது, பிறை இருக்கிறது. இந்தப் பிள்ளை முதலில் கண்டது அவருடைய உடம்பின் பெண் பாதியை. ஒருவன் என்று சுட்டும்போதே அவனுக்குள் இருவர் இருப்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளை பாடிய எழுகூற்றிருக்கை, "ஓருரு ஆயினை மானாங்காரத்து ஈரியல்பாய்" என்று ஆரம்பிக்கிறது. ஓருருவாய் இருந்தாய், மான் (மகத் என்னும் தத்துவம்) என்றும் ஆங்காரம் (நான் என்னும் உணர்வு) என்றும் இரண்டு இயல்பாய்ப் பிரிந்தாய். பிரபஞ்சம் உண்டான கதை முழுவதும் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. பிறகு விண் முதல் மண் வரை, சூரியன் சந்திரன் என்ற இரு சுடர், படைத்துக் காத்து அழிக்கும் மும்மூர்த்தி. உடனே "இருவரோடு ஒருவனாகி நின்றனை" என்று இறங்கிவிடுகிறார். விரிந்ததைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்கிறார், அடுத்த சுற்றில் இன்னும் தூரம் விரிப்பதற்கு. கல்பம் கல்பமாக உலகம் தோன்றி ஒடுங்குவதைப் புராணங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. இவருக்கு ஏழு எண்கள் போதும்.

எனக்குப் பிடித்த சுற்று ஐந்தாவது எண்ணுக்கு ஏறுவது. ஒரு தாள் (காம்பு), ஈரயில் (இரண்டு கூர்மை), மூவிலைச் சூலம், நாற்கால் மான்கன்று, ஐந்தலை நாகம். ஏறியாயிற்று. இறக்கத்தில் யானை வருகிறது: "நால்வாய் மும்மதத்து இருகோட்டு ஒருகரி ஈடழித்து உரித்தனை." நாலுதல் என்றால் தொங்குதல், நால்வாய் என்றால் தொங்கும் வாய், மூன்று மதம், இரண்டு தந்தம், ஒரு யானை. அதன் வலிமையை அழித்துத் தோலை உரித்தார் சிவன். இந்த யானையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குடந்தையில் மறுபடி வரும்.

பாட்டின் முடிவை நெருங்கும்போது ஒரு தொடர் வருகிறது: "இருமையின் ஒருமையும் ஒருமையின் பெருமையும்." இரண்டில் இருக்கும் ஒன்று, அந்த ஒன்றின் பெருமை. என் சிற்றறிவுக்கு இந்தப் பாட்டின் சாரமே இதுதான் என்று தோன்றுகிறது. ஏணியைக் கவனித்தால் தெரியும், எத்தனை உயரம் ஏறினாலும் ஒன்றுக்குத் திரும்பும்போது கடைசிப் படி இரண்டுதான். ஏழிலிருந்தோ ஐந்திலிருந்தோ நேராக ஒன்றுக்குக் குதிக்க வழியில்லை. இன்பம் துன்பம், இரவு பகல், ஆண் பெண், நான் நீ என்ற இரண்டின்மேல் கால் வைத்துத்தான் ஒன்றுக்கு இறங்க வேண்டும். இருமையைப் பொய் என்று தள்ளிவிட்டுப் போகலாம் என்கிறவர்களுக்குச் சம்பந்தரின் ஏணியில் இடம் இல்லை. பிற்காலச் சைவ சித்தாந்தம் இறைவனை உயிர்களோடு "ஒன்றாய், வேறாய், உடனாய்" நிற்பவன் என்று சொன்னது. அதற்கு விதை இந்த ஊர்ப் பிள்ளையின் கணக்கில் கிடப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

2023-இல் குடமுழுக்கு வேலைக்காகக் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளோடு தேவாரம் பொறித்த நூற்றுக்கணக்கான செப்பேடுகள் கிடைத்தன. மண்ணுக்குள் போன பாட்டு மண்ணிலிருந்து எழுந்து வந்தது. தோணிபுரத்தில் இப்படி நடக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம் போகிற பஸ்ஸில் சித்தப்பா ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கூட்டல் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஒன்று: கூட்டினால் நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று: ஒன்பது. அடுத்தது 16. அதற்கடுத்தது 25, 36. ஏழுவரை ஏறி இறங்கினால் 49. "பார்த்தியா, எல்லாம் வர்க்க எண். ஏழு ஏழு நாற்பத்தொன்பது. எந்தச் சுற்றும் பிசிறு தட்டலை!" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எந்த எண்வரை ஏறி இறங்கினாலும் கணிதத்தில் அப்படித்தான் வரும், அதில் தெய்வ ரகசியம் தேட வேண்டியதில்லை என்றேன். "அப்படித்தான் வரும்னா, அப்படி வர்ற மாதிரி யார் வெச்சது?" என்று கேட்டுவிட்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

மறுநாள் காலை சுவாமிமலை. இயற்கையான மலை கிடையாது, கட்டுமலை. ஏறிப் போக 60 படிகள், தமிழ் வருடங்கள் அறுபதின் பெயரோடு. பிரபவவில் தொடங்கி அட்சயவில் முடிந்து மறுபடி பிரபவ. வியாழன் சூரியனைச் சுற்றக் கிட்டத்தட்ட 12 வருடம், சனிக்குக் கிட்டத்தட்ட 30. இரண்டும் கிளம்பிய இடத்துக்கு ஒருசேர வந்து நிற்க ஏறக்குறைய 60 வருடம் ஆகும். வேகமாகச் சுற்றுகிற ஒன்றும் மந்தமாகச் சுற்றுகிற ஒன்றும் சந்திக்கும் இடைவெளியில்தான் நம் ஆயுளை அளக்கிறோம், சஷ்டியப்தபூர்த்தி கொண்டாடுகிறோம்.

பாதி வழியில் ஒரு பாட்டி பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏம்ப்பா, ஜய வருஷம் எந்தப் படின்னு பாரு. நான் பொறந்த வருஷம்" என்றார். பேரன் தேடிக் காட்டினான், இருபத்தெட்டாவது. 1954-இல் வந்த ஜய வருடம் 2014-இல் திரும்ப வந்து போய்விட்டது. பாட்டி அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதோட ரெண்டாவது ரவுண்டு நடக்குது எனக்கு" என்று சிரித்தார். பேரன், தன் படி எது என்று கேட்டு மேலே ஓடினான்.

சுவாமிநாதன் சந்நிதியில் கதை தலைகீழாகிறது. சீர்காழிப் பாட்டில் சிவன் குரு: "ஓரால் நீழல் ஒண்கழல் இரண்டும் முப்பொழுது ஏத்திய நால்வர்க்கு ஒளிநெறி காட்டினை." ஓர் ஆலமரம், இரண்டு கழல், மூன்று வேளை, நான்கு சீடர். எண் கூடக்கூட அறிவு குருவிடமிருந்து சீடர்களுக்கு இறங்குகிறது. இங்கே அதே சிவன் மகன் முன்னால் பணிந்து பிரணவத்தின் பொருள் கேட்கிறார். அதற்கு முன்னால், பொருள் தெரியாமல் விழித்த பிரம்மாவை முருகன் தலையில் குட்டிச் சிறையில் போட்டிருந்தான். அருணகிரியார் அந்த நிகழ்ச்சியை இறங்குவரிசையில் வைத்தார்: "நான்முகன் குடுமி இமைப்பினில் பெயர்த்து மூவரும் போந்து இருதாள் வேண்ட ஒருசிறை விடுத்தனை." நான்கு முகக்காரர் அகங்காரம் நான்கில் இருந்தது. மூவர் வந்து இரண்டு தாளைப் பிடித்த பிறகுதான் ஒரு சிறை திறந்தது. விடுதலை ஒன்றில் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்படி இரண்டு தாள்.

தகப்பன் பெரியவன், பிள்ளை சின்னவன் என்பது நமக்கு அசைக்க முடியாத இருமை. சுவாமிமலை அதைத் திருப்பிப் போடுகிறது, ஆனால் அழிக்கவில்லை. கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர் என்ற இரண்டு அப்படியே இருக்கிறது. ஆள் மட்டும் மாறிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் பாடமே நடந்திருக்காது.

சாயங்காலம் குடந்தை சாரங்கபாணி. பதினோரு நிலை ராஜகோபுரம். முதலில் கோமளவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டுத்தான் பெருமாளிடம் போவது இங்கே முறை. பெருமாள் சந்நிதியே சக்கரங்களோடும் குதிரை யானைகளோடும் செதுக்கிய கல்தேர். தேர்வடிவப் பாட்டுக்குத் தேர்வடிவக் கோயில். உள்ளே போக இரண்டு வாசல். தை முதல் ஆனிவரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழிவரை தட்சிணாயன வாசல். ஒன்று திறந்தால் மற்றது சாத்தியிருக்கும். சூரியன் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கத்து வாசல் வழியாக நாமும் போகிறோம். ஆனால் எந்த வாசலில் நுழைந்தாலும் பார்க்கக் கிடைப்பவர் அந்த ஆராவமுதன்தான்.

அவர் படுத்திருக்கிறார், முழுக்கப் படுக்கவில்லை. லேசாகத் தலையை எழுப்பிய கோலம், உத்தான சயனம் என்பார்கள். "எழுந்திருந்து பேசு" என்று திருமழிசையாழ்வார் கேட்க, பெருமாள் எழுந்திருக்கத் தொடங்கினாராம். பதறிப்போன ஆழ்வார் "வாழி கேசனே" என்று வாழ்த்த, அந்த நிலையிலேயே நின்றுவிட்டார். படுக்கையும் இல்லை, எழுச்சியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். திருமங்கையார் இந்தத் தூக்கத்தை "அறிதுயில்" என்கிறார். அறிந்துகொண்டே தூங்குவது.

அந்தத் திருமழிசையாழ்வார் பாடிய திருச்சந்தவிருத்தத்தின் முதல் பாட்டு என்ன தெரியுமா? "பூநிலாய ஐந்துமாய்ப் புனற்கண் நின்ற நான்குமாய், தீநிலாய மூன்றுமாய்ச் சிறந்த கால் இரண்டுமாய், மீநிலாய தொன்றுமாகி." மண்ணில் ஐந்து, நீரில் நான்கு, தீயில் மூன்று, காற்றில் இரண்டு, வானில் ஒன்று. தில்லையில் கேட்ட அதே கணக்கு. சைவர் ஒருவர், வைணவர் ஒருவர், கணக்கு ஒன்று. சித்தப்பா நெற்றி நிறைய விபூதியோடு பெருமாள் முன்னால் நின்று இதை முழுவதும் சொன்னார். பட்டாச்சாரியார் புன்சிரிப்போடு கூடவே முணுமுணுத்தார்.

இப்போது யானை. திருமங்கையார் பாட்டிலும் ஐந்துவரை ஏறிய சுற்றின் இறக்கத்தில்தான் அது வருகிறது: "நால்வாய் மும்மதத்து இருசெவி ஒருதனி வேழத்து அரந்தையை ஒருநாள் இருநீர் மடுவுள் தீர்த்தனை." அதே தொங்கும் வாய், அதே மூன்று மதம். இது கஜேந்திரன். முதலை வாயில் காலைக் கொடுத்துவிட்டுக் கதறியவனின் துயரம் தீர்கிறது. சீர்காழி யானை உரிபட்டது, குடந்தை யானை காப்பாற்றப்பட்டது. ஒரே இறங்குவரிசையில் அழிப்பும் அருளும் வந்து நிற்கின்றன. சம்பந்தரைத் தெரிந்துதான் ஆழ்வார் இப்படிப் பாடினாரா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, இந்த எதிரும் புதிரும் ஒரே பொருளின் இரண்டு கை என்று நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

கடைசிச் சுற்று ஏழிலிருந்து இறங்கி வருகிறது. அறம் முதலான நான்காய், மூர்த்தி மூன்றாய், இருவகைப் பயனாய். இருவகைப் பயன் என்றால் இன்ப துன்பம். அப்புறம், "ஒன்றாய் விரிந்து நின்றனை." இந்த இடத்தில் யாரும் ஒடுங்கி நின்றாய் என்றுதான் எதிர்பார்ப்போம். எண் ஏழிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறதே! ஆழ்வார் விரிந்து என்கிறார். பலவற்றைக் கழித்துக் கழித்து மிஞ்சிய சின்ன ஒன்று கிடையாது இது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு அகன்று கிடக்கிற ஒன்று. சம்பந்தர் "ஒருமையின் பெருமை" என்றாரே, அதேதான்.

அதோடு பாட்டு முடிந்திருக்கலாம். முடியவில்லை. எண்ணிக்கை ஓய்ந்ததும் ஆழ்வார் குடந்தையைப் பாடப் போய்விடுகிறார். தேன்மலர்ச் சோலை, கொடித் தோட்டம், மணிகளை அலைத்து வரும் பொன்னி, செந்நெல் வயல், பிறையைத் தொடும் கொடி. இங்கே எதையும் எண்ணவில்லை, பொன்னி பாட்டுக்கு ஓடுகிறது. எல்லாம் பாடியான பிறகு, "நின் அடியிணை பணிவன்" என்று விழுகிறார். இணை! ஒன்றுவரை இறங்கி வந்தவர் கடைசியில் பிடித்துக்கொள்வது இரண்டு கால்களை. அவன் ஒருவன் என்று தெரிந்த பிறகும் பணிய ஒருவன், பணியப்பட ஒருவன் வேண்டியிருக்கிறது.

பட்டாச்சாரியார் சடாரி சாதித்தார். அதன் மேலும் இரண்டு பாதங்கள்தான். "அப்போ கணக்கு ரெண்டிலேதானே முடியுது?" என்று சித்தப்பா துளசியை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "சம்பந்தர்கிட்ட இப்படி இல்லையே" என்றேன். "அவர் பிள்ளையா இருந்தவர், ஒட்டிக்கிட்டே நின்னிருப்பார். இவர் வழிப்பறி பண்ணிட்டு வந்தவர் இல்லையா, காலைத்தான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, தீர்த்தம் கொடுக்கிற இடத்தைத் தேடிப் போனார்.